மார்பளவுச் சிப்பாய்க்கு ஏற்ற பதுங்குகுழி

கேள்வி: முதல் உலகப் போர் பிரிட்டிஷ் சிப்பாயின் ரெசின் (வார்ப்புப் பிசின்) மார்பளவுச் சிலை ஒன்றை வாங்கப் போகிறேன். 1/10 அளவு. அதைத் தனியாக நிறுத்தாமல், 1916-ல் பிரான்ஸின் சோம் போர்க்களத்துப் பதுங்குகுழி ஒன்றைச் செய்து அதற்குள் வைக்க ஆசை. கடையில் கிடைக்கும் 1/35 மணல்மூட்டை, முள்வேலி செட்டுகளை வாங்கிப் பயன்படுத்தலாமா? வேறு என்னவெல்லாம் வாங்க வேண்டும்?
- வாசகர், கோவை

பதில்: 1/35 செட்டுகளை வாங்க வேண்டாம். அவை டாங்கி மாடல்களுக்கானவை. அரை மீட்டர் நீளமுள்ள மணல்மூட்டை 1/35-ல் ஒன்றரை சென்டிமீட்டர்கூட வராது. உங்கள் சிப்பாய்க்கு 5 சென்டிமீட்டர் மூட்டை வேண்டும். சின்ன மூட்டைகளை அவர் முன்னால் அடுக்கினால், தலையணை உறைக்குள் தீப்பெட்டி போட்ட மாதிரி இருக்கும்.

1/10-ல் ஒரு பெரிய வசதி, கணக்கு எளிது. நிஜத்தில் 10 சென்டிமீட்டர் என்றால் மாடலில் 1 சென்டிமீட்டர். ஐஸ்கிரீம் குச்சி கிட்டத்தட்ட 1 சென்டிமீட்டர் அகலம் இருப்பதால், 10 சென்டிமீட்டர் பலகைக்கு அப்படியே பொருந்தும். அன்றைய லீ என்ஃபீல்ட் துப்பாக்கி 113 சென்டிமீட்டர் நீளம், ஆகவே மாடலில் 11.3. அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டால் வீட்டிலிருக்கும் பாதிப் பொருள்கள் போர்க்களத்துக்கு உதவும்.

பணம் கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியது முகத்தை அல்ல, சிலை எந்த இடத்தில் வெட்டப்பட்டிருக்கிறது என்பதை. இந்தச் சிலைகள் பெரும்பாலும் நடு மார்போடு முடிந்துவிடும், கைகள் தோளுக்குச் சற்றுக் கீழே நின்றுவிடும். கறுப்புப் பீடத்தில் நிறுத்தினால் அந்த வெட்டு அழகுதான். காட்சிக்குள் வைத்தால், உடம்பு அறுபட்ட சிப்பாயாகத் தெரியும். உங்களுக்குப் பதுங்குகுழி என்று தோன்றியது மிகப் பொருத்தம். குழியின் உள்படியில் ஏறி நின்று வெளியே பார்க்கிற சிப்பாய்க்குத் தலையும் தோளும் மட்டும்தான் தெரியும். மீதியை முன்னால் அடுக்கிய மூட்டைகள் மறைத்துவிடும். ஆகவே காட்சியை எதிரியின் பக்கமிருந்து பார்ப்பதுபோல அமையுங்கள். இரண்டு மீட்டர் ஆழக் குழியை 20 சென்டிமீட்டரில் கட்டும் வேலை மிச்சம், ஏழெட்டு சென்டிமீட்டர் மூட்டைச் சுவர் போதும்.

விற்பவரிடம் பக்கவாட்டுப் படமும் பின்பக்கப் படமும் கேளுங்கள். கைகள் வெட்டுப்பட்ட இடம் மூட்டை வரிசைக்குக் கீழே போகுமா என்று காகிதத்தில் வரைந்து பாருங்கள். போகாது என்றால், முழுக் கையோடும் துப்பாக்கியோடும் வரும் சிலையைத் தேடுவது நல்லது. விலை கூடும், ஆனால் பிறகு கையை நீங்களே செதுக்க வேண்டியிருக்காது.

அடுத்தது தலைக்கவசம். வட்டத் தட்டு போன்ற பிரோடி இரும்புக் கவசம் 1915-ல்தான் வந்தது, 1916 கோடையில்தான் பரவலாகக் கைக்கு வந்தது. 1914 என்று பெட்டியில் போட்டு இரும்புக் கவசத்தோடு விற்றால் அது பிழை. சோம் போர் 1916 ஜூலை 1 முதல் நவம்பர் 18 வரை நடந்தது, அதற்கு இந்தக் கவசம் சரி. தலைப்பாகை கட்டிய இந்தியக் காலாட்படைச் சிலையை இதே காட்சியில் சேர்க்கும் எண்ணம் வந்தால், வேண்டாம். லாகூர், மீரட் டிவிஷன்களின் காலாட்படை 1915 இறுதியிலேயே பிரான்ஸை விட்டு மெசபடோமியா (இன்றைய ஈராக்) போய்விட்டது. இந்தியக் குதிரைப்படை மட்டும் பிரான்ஸிலேயே இருந்தது. 1916 ஜூலை 14 அன்று சோமில் ஹை வுட் காட்டருகே டெக்கான் ஹார்ஸ் வீரர்கள் குதிரையில் பாய்ந்தார்கள். அவர்களில் ஒருவரைச் செய்தால் பார்க்க எனக்கு மிகவும் பிடிக்கும்.

மண்ணின் நிறத்தில் பலர் தவறுகிறார்கள். போர்க்களம் என்றதும் கறுஞ்சேறு பூசிவிடுகிறார்கள். சோம் பகுதியில் மேல்மண்ணுக்குக் கீழே சுண்ணப்பாறை. தோண்டிய இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். கறுஞ்சேறும் தண்ணீர்க் குழிகளும் 1917-ல் பெல்ஜியத்தில் நடந்த பாஷன்டேல் போர்க் காட்சிக்கு உரியவை. ஆகவே மண் பவுடர் டப்பா எதுவும் வாங்க வேண்டாம். தோட்டத்து மண்ணைச் சலித்து, பழைய வாணலியில் வறுத்து ஈரத்தையும் பூச்சியையும் போக்கி, கரும்பலகைச் சாக்பீஸ் தூளோடு கலந்து ஃபெவிகாலில் ஒட்டுங்கள். மூட்டைக்கு எம்-சீல் பிசைந்து, அது இறுகுவதற்குள் மருந்துக் கட்டுத் துணியை அழுத்தி எடுத்தால் சாக்கின் நெசவு பதிந்துவிடும். அடித்தளத்துக்குத் தெர்மகோல் போதும்.

காசு செலவழிக்க வேண்டியது சிலைக்கும், இரண்டு நல்ல தூரிகைகளுக்கும், அக்ரிலிக் பெயிண்டுக்கும்தான். பிளாஸ்டிக் கிட்டுக்கான சிமென்ட் பசை ரெசினில் ஒட்டாது. சிறு பாகத்துக்கு ஃபெவிக்விக், கனமான பாகத்துக்கு அரால்டைட். பெயிண்டுக்கு முன் அடிக்கும் ஸ்ப்ரே ப்ரைமரை வெளிநாட்டிலிருந்து வரவழைக்காதீர்கள், அழுத்த டப்பாக்களை விமானத்தில் அனுப்பக் கட்டுப்பாடு உண்டு. உள்ளூரில் வாங்குங்கள், மழை நாளில் அடிக்காதீர்கள், ஈரக்காற்றில் வெளிறிப்போகும்.

கேள்வி: இணையச் சந்தை ஒன்றில் பாதி விலைக்குச் சிலை வாங்கினேன். மூக்கில் காற்றுக் குமிழ்க் குழி, பொத்தான்கள் மழுங்கி இருக்கின்றன. பெட்டியும் இல்லை. இது போலியா? திருப்பித் தர முடியுமா?
- வாசகி, மதுரை

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் நகல் வார்ப்பாகத்தான் தெரிகிறது. அசலை வாங்கி, அதன் மேல் சிலிக்கான் அச்சு எடுத்து, மறுபடி வார்க்கிறார்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சுருங்கும், நுணுக்கம் மழுங்கும். அசலிலும் ஓரிரு சின்னக் குமிழ் வரலாம், அதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பெட்டி இல்லை, தையலும் பொத்தானும் தெளிவில்லை, விலையும் பாதி என்று மூன்றும் சேர்ந்தால் எனக்குச் சந்தேகமில்லை. நானும் ஒருமுறை இப்படி ஏமாந்தேன். வந்த சிலையின் கண் இமைகளே இல்லை, வெறும் வழுவழுப்பு. எவ்வளவு கவனமாக வரைந்தாலும் அந்த முகத்தில் உயிர் வரவில்லை. ஒரு சிற்பி மாதக்கணக்கில் செதுக்கிய உழைப்பு களவு போவது எனக்கு அதைவிடப் பெரிய வருத்தம்.

தென் கொரியாவின் யங் மினியேச்சர்ஸ், லைஃப் மினியேச்சர்ஸ், நட்ஸ் பிளானட், ஸ்பெயினின் ஃபெர் மினியேச்சர்ஸ் போன்ற நிறுவனங்களின் தளத்தில் அசல் படங்கள் இருக்கும். உங்கள் சிலையை அந்தப் படத்தின் பக்கத்தில் வைத்துப் படமெடுங்கள்.

இந்திய விற்பனையாளர் என்றால் சட்டம் உங்கள் பக்கம். 2020 மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளையோ விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளையோ திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது. புகார் கிடைத்ததை அந்த இணையச் சந்தை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்ய வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீர்க்கவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழையுங்கள். அப்புறமும் நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது. அதுவரை சிலையைத் தேய்க்கவோ ப்ரைமர் அடிக்கவோ வேண்டாம். கை வைத்துவிட்டால் வாதாடுவது கஷ்டம்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வாங்கும்போது ‘பரிசு’ என்று எழுதச் சொன்னால் சுங்க வரி வராது என்கிறார்களே?
- வாசகர், சேலம்

பதில்: அது பழைய கதை. 5,000 ரூபாய் வரையிலான பரிசுப் பார்சலுக்கு இருந்த வரிவிலக்கு 2019 டிசம்பரிலேயே போய்விட்டது. பொய்யாக எழுதினால் பார்சல் சுங்கத்தில் மாட்டிக்கொள்ளும். விலை, அனுப்பும் செலவு, வரி, கூரியர் வாங்கும் கையாளும் கட்டணம் நான்கையும் கூட்டிப் பாருங்கள். இரண்டு மூன்று நண்பர்கள் சேர்ந்து ஒரே பார்சலாக வாங்கினால் அனுப்பும் செலவு பகிரும்.

கேள்வி: 3டி ப்ரிண்ட் எடுத்த ரெசின் சிலை வாங்கினேன். தொட்டால் பிசுபிசுப்பு, வாடையும் இருக்கிறது. என் பன்னிரண்டு வயது மகன் பெயிண்ட் அடிக்கக் காத்திருக்கிறான்.
- வாசகி, சென்னை

பதில்: இப்போது அவன் கையில் கொடுக்காதீர்கள். பிசுபிசுப்பு இருந்தால் ரெசின் முழுதாக இறுகவில்லை என்று அர்த்தம், தோலில் பட்டால் ஒவ்வாமை வரலாம். திருப்பி அனுப்புவதே நல்லது. முடியாவிட்டால், நைட்ரைல் கையுறை போட்டுக்கொண்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி, நன்றாக உலரவிட்டு, புற ஊதா விளக்கிலோ வெயிலிலோ எல்லாப் பக்கமும் படும்படி திருப்பித் திருப்பி வையுங்கள். கழுவிய ஆல்கஹாலைச் சாக்கடையில் கொட்ட வேண்டாம். பிசுபிசுப்பும் வாடையும் முழுதாகப் போன பிறகு, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து நீங்களே தேய்த்துக் கொடுங்கள். ரெசின் தூசி மூச்சில் போகக் கூடாது. அதற்குப் பிறகு பெயிண்ட் அடிக்கிற வேலை முழுக்க அவனுடையது.