பழைய கன்சோலுக்குப் புதிய கேம் வாங்கலாமா?

கேள்வி: என்னிடம் இருப்பது சாதாரண பிளேஸ்டேஷன் 4. சில புதிய கேம்கள் அதற்கும் பிளேஸ்டேஷன் 5-க்கும் சேர்ந்தே வெளியாகின்றன. படம் கொஞ்சம் மங்கலாக இருக்கும், அவ்வளவுதானே? நம்பி வாங்கலாமா?

பதில்: அவ்வளவுதான் என்றால் தாராளமாக வாங்குங்கள் என்பேன். கேமைப் பழைய கன்சோலுக்குள் அடக்குகிறவர்களுக்குப் படத்தைக் குறைப்பது இருப்பதிலேயே எளிய வேலை. ரெசல்யூஷனை இறக்குவார்கள், நிழல்களைக் குறைப்பார்கள், தூரத்துப் புல்பூண்டை எடுத்துவிடுவார்கள். பத்து நிமிடத்தில் கண் பழகிவிடும். 2019-இல் 'விட்சர் 3' நின்டெண்டோ ஸ்விட்சுக்கு இப்படித்தான் வந்தது. படம் மங்கியது, கதையில் யாரும் கைவைக்கவில்லை.

தலைவலி பிராசசரிலும் ஹார்ட் டிஸ்கிலும் இருக்கிறது. 2013-இல் வந்த உங்கள் கன்சோலின் பிராசசர் 1.6 கிகாஹெர்ட்ஸ். அன்றைக்கே அது சாது ரகம்தான். கேமில் வரும் தெருவில் நூறு பேர் நடந்தால், யார் எந்தப் பக்கம் திரும்புவது என்று கணக்குப் போடுவது அதன் வேலை. கூட்டத்தைக் குறைத்தால் தெரு வெறிச்சோடும். குறைக்காவிட்டால் ஆட்டம் திணறும். பிளேஸ்டேஷன் 5-இல் ஹார்ட் டிஸ்குக்குப் பதில் இருக்கும் எஸ்எஸ்டி (சுழலும் பாகமே இல்லாத வேகமான சேமிப்பகம்) நொடிக்கு 5.5 ஜிபி படிக்கிறது. உங்களுடைய சுழலும் ஹார்ட் டிஸ்க் 100 எம்பி-யைத் தொடுவதற்கே மூச்சு வாங்கும். காரை வேகமாக ஓட்டினால் நீங்கள் கடந்துபோன பிறகுதான் கட்டடத்துக்குச் சுவர் முளைக்கும்! (எஸ்எஸ்டி வாங்கி நீங்களே மாற்றிக்கொள்ளலாம்; காத்திருப்பு குறையும். பிராசசர் என்னவோ அதேதான்.)

2020 டிசம்பரில் 'சைபர்பங்க் 2077' பழைய கன்சோல்களில் பட்ட பாடு இதுதான். வெளியான ஒரு வாரத்திலேயே சோனி அதைத் தன் ஆன்லைன் கடையிலிருந்து எடுத்துவிட்டு, பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அடுத்தடுத்த அப்டேட்களில் நிலைமை தேறியது உண்மைதான். ஆனால் 2023-இல் வந்த அதன் 'ஃபேன்டம் லிபர்ட்டி' விரிவாக்கம் பிளேஸ்டேஷன் 4-க்கு வரவே இல்லை.

எனக்கு உண்மையில் எரிச்சலூட்டுவது, கேமின் பாதியையே கழற்றிவிட்டு அதே பெயரில் விற்பது. 2015-இல் 'கால் ஆஃப் டியூட்டி: பிளாக் ஆப்ஸ் 3' பிளேஸ்டேஷன் 3-க்கும் எக்ஸ்பாக்ஸ் 360-க்கும் கதைப் பகுதியே இல்லாமல் வந்தது. நிறுவனம் முன்கூட்டியே அறிவித்திருந்தது. அறிவிப்பைப் படிக்காமல் பெயரைப் பார்த்து வாங்கியவர்களுக்கு ஏமாற்றம்தான்.

ஆகவே டிரெய்லரை நம்பாதீர்கள். அதில் ஓடுவது பெரும்பாலும் புதிய கன்சோலோ விலையுயர்ந்த கணினியோதான். கேம் வெளியாகி ஒரு வாரம் பொறுத்து, உங்களிடம் உள்ள அதே மாடலில் பதிவான வீடியோவைப் பாருங்கள். உங்களுடையதைவிட வேகமான பிளேஸ்டேஷன் 4 புரோவில் எடுத்தது உங்களுக்கு உதவாது. இருவர் மோதும் சண்டை, கால்பந்து போன்றவற்றில் பெரிய ஆபத்து இல்லை. பரந்த நகரத்தில் சுற்றவிடும் கேம் என்றால் அந்த வீடியோவைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

கேள்வி: பின்னால் பிளேஸ்டேஷன் 5 வாங்கும் எண்ணம் உண்டு. இப்போது டிஸ்க்காக வாங்குவதா, டவுன்லோடா?

பதில்: டிஸ்க்கை மறுபடி விற்கலாம், அது லாபம். ஆனால் நாளை டிஸ்க் டிரைவ் இல்லாத பிளேஸ்டேஷன் 5 வாங்கினால் அந்த டிஸ்க்கைப் போட இடமிருக்காது. இன்னொன்றையும் பாருங்கள்: பிளேஸ்டேஷன் 4 பதிப்பு வாங்கியவருக்குப் புதிய பதிப்பைச் சிலர் இலவசமாகத் தருகிறார்கள், சிலர் தனியாகக் காசு கேட்கிறார்கள். கேமின் விற்பனைப் பக்கத்திலேயே அது எழுதியிருக்கும்.