பேய்க்குப் பயமில்லை, மனிதர்களைக் கண்டால்தான் பயம்

வணக்கம் மேடம்,

எனக்கு 29 வயது. ஈரோடு பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் பில்லிங் கவுண்டரில் வேலை பார்க்கிறேன். அடுத்த மாதம் கோயம்புத்தூரில் இரண்டு நாள் பகுத்தறிவாளர் மாநாடு ஒன்று நடக்கிறது. பெயர் கொடுத்து, பணமும் கட்டியாகிவிட்டது. ஆனால் போவேனா மாட்டேனா என்று எனக்கே தெரியவில்லை.

சின்ன வயதிலிருந்தே நான் கூச்ச சுபாவம். வீட்டுக்கு யாராவது வந்தால் சமையலறைக்குள் போய்விடுவேன். கல்யாண வீட்டில் பந்தியில் தெரியாதவர்களுக்கு நடுவே உட்கார வேண்டும் என்றால் சாப்பிடாமலேயே கிளம்பி வந்துவிடுவேன். வேலை செய்யும் இடத்தில் மீட்டிங் போட்டு ஒவ்வொருவராகப் பேசச் சொன்னால், என் முறை வருவதற்குள் கை சில்லிட்டுப் போகும், முன்னால் பேசியவர்கள் சொன்னது ஒன்றும் காதில் ஏறாது. ஆனால் கவுண்டரில் உட்கார்ந்துவிட்டால் நாள் முழுக்கப் பேசுகிறேன், இன்சூரன்ஸ் பணம் வரவில்லை என்று சத்தம் போடுகிறவர்களிடம்கூட நிதானமாகப் பேசி அனுப்பிவிடுகிறேன். அது எப்படி முடிகிறது என்றும் புரியவில்லை.

நான் ஏன் இந்தப் பக்கம் வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். தம்பிக்குச் சின்ன வயதில் வலிப்பு வந்தது. காத்து கருப்பு என்று சொல்லி ஒரு பூசாரியிடம் கூட்டிப் போனார்கள். வேப்பிலை அடி, தாயத்து, அமாவாசைக்கு அமாவாசை பூஜை என்று ரொம்ப நாள் போனது, நகையும் போனது. கடைசியில் பக்கத்து வீட்டு டீச்சர் வற்புறுத்தி அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போன பிறகு மாத்திரையில் அடங்கியது. அதன் பிறகுதான் நான் ஒவ்வொன்றையும் ஏன், எப்படி என்று கேட்க ஆரம்பித்தேன், கிடைத்ததை எல்லாம் படித்தேன். ஆனால் இதை யாரிடமும் பேசியதில்லை. வீட்டில் விளக்கு ஏற்றச் சொன்னால் ஏற்றுகிறேன். என்னைப் போல யோசிக்கிறவர்களை ஒரு தடவையாவது நேரில் பார்க்க வேண்டும் என்று ரொம்ப வருஷமாக ஆசை.

போன வாரம் ஒருங்கிணைப்பாளர் போன் செய்தார். "வாங்க தோழர், முதல் நாள் காலைல எல்லாரும் மேடைக்கு வந்து பேரு, ஊரு, எப்படி இந்தக் கொள்கைக்கு வந்தீங்கன்னு ரெண்டு நிமிஷம் சொல்லணும்" என்றார். அன்றிலிருந்து தூக்கம் போய்விட்டது. போட்டோ எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டால் என்ன ஆகும் என்ற பயமும் இருக்கிறது. வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். மூடநம்பிக்கைக்கு எதிராகப் போராடிய தபோல்கர் கொல்லப்பட்ட செய்தியை டிவியில் பார்த்தபோது "இதெல்லாம் நமக்கு எதுக்கு" என்று அப்பா சொன்னதும் மனதில் இருக்கிறது.

எல்லாவற்றையும் விட என்னைக் குடைவது இதுதான். பேய் இல்லை, செய்வினை இல்லை என்று எனக்குத் தெளிவாகத் தெரியும். ஆனால் பத்து மனிதர்கள் நடுவில் நிற்கப் பயப்படுகிறேன். அறிவால் இந்தப் பயத்தைத் துரத்த முடியவில்லை என்றால் நான் என்ன பகுத்தறிவாளர்? அங்கே போய் நிற்க எனக்குத் தகுதி இருக்கிறதா? முதலில் கூச்சத்தைச் சரிசெய்துவிட்டு அடுத்த வருஷம் போகலாமா?

— ஒரு வாசகி, ஈரோடு மாவட்டம்

ஆலோசகர் பதில்

அன்புள்ள தோழிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், மற்றதெல்லாம் அதில்தான் சிக்கிக்கொண்டு நிற்கிறது. கூச்சம் மூடநம்பிக்கை இல்லை. பேய் உண்டு என்பது ஒரு கருத்து, ஆதாரத்தைப் பார்த்தால் மாறும், உங்களுக்கு மாறியது. பத்துப் பேர் பார்க்கும்போது நெஞ்சு படபடப்பது உடம்பின் வேலை, அது உங்கள் வாதத்துக்குக் காத்திருக்காது. பேய் இல்லை என்று நன்றாகத் தெரிந்தவருக்கும் நடுராத்திரியில் சுடுகாட்டு வழியில் சருகு சரசரத்தால் ஒரு கணம் உடம்பு சிலிர்க்கும். அதனால் அவர் பேயை நம்புகிறார் என்று ஆகிவிடுமா?

ஆபிரகாம் கோவூரைப் பற்றிப் படித்திருப்பீர்கள். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவர், ஏமாற்ற முடியாத சூழ்நிலையில் அற்புதம் செய்து காட்டினால் ஒரு லட்சம் ரூபாய் என்று 1963இல் சவால் விட்டவர். பேய் பிடித்ததாக அவரிடம் கூட்டி வரப்பட்டவர்களிடம் "பேயே கிடையாது, போய் வா" என்று சொல்வதோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. அவர்கள் மனதில் என்ன கஷ்டம் என்று தேடினார், ஹிப்னாடிசம் வழியாகவும் சிகிச்சை கொடுத்தார். பயம் தர்க்கத்தால் மட்டும் போகாது என்பதைத் தெரிந்துவைத்திருந்த பகுத்தறிவாளர் அவர். ஆகவே தகுதிக் கேள்வியை இங்கேயே விட்டுவிடுங்கள்.

கூச்சத்தைச் சரிசெய்துவிட்டுப் போகலாமா என்கிறீர்கள். வேண்டாம், கூச்சத்தோடேயே போங்கள். வீட்டில் இருந்துகொண்டு குறையும் விஷயமில்லை இது, தள்ளிப்போடத் தள்ளிப்போட அடுத்த வருஷம் இன்னும் கடினமாகத்தான் இருக்கும்.

அடுத்தது, உங்களிடம் இரண்டு பயம் இருக்கிறது, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள். எல்லோரும் என்னையே பார்ப்பார்கள், நான் உளறுவேன் என்பது ஒன்று. வீட்டுக்குத் தெரிந்தால் கல்யாணப் பேச்சில் பிரச்சினை வரும், போட்டோ வெளியே போகும் என்பது இன்னொன்று. இரண்டாவதை நான் கூச்சம் என்று சொல்ல மாட்டேன், அது நடைமுறைக் கணக்கு. 2013 ஆகஸ்ட் 20 அன்று புனேயில் நரேந்திர தபோல்கர் சுட்டுக் கொல்லப்பட்டதை நினைத்து உங்கள் அப்பா பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. தபோல்கர் பல்லாண்டுகள் இயக்கம் நடத்தி, மூடநம்பிக்கை ஒழிப்புச் சட்டத்துக்காக வெளிப்படையாகப் போராடியவர். பார்வையாளராக ஒரு மண்டபத்தில் உட்காரும் உங்கள் நிலை வேறு. ஆனாலும் எதை, எப்போது, யாரிடம் சொல்வது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். சொல்லாமல் இருப்பதைக் கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள், அவர்கள் உங்கள் வீட்டில் வாழவில்லை.

அதனால் இந்த வாரமே ஒருங்கிணைப்பாளருக்கு போன் செய்யுங்கள், பேசத் தயக்கமாக இருந்தால் வாட்ஸ்அப்பில் எழுதிவிடுங்கள். "நான் முதல் தடவை வர்றேன், மேடையில அறிமுகம் வேண்டாம், என் படமும் எங்கயும் போட வேண்டாம், பெண் தன்னார்வலர் யாராவது இருந்தா அவங்க நம்பர் குடுங்க" என்று மட்டும் கேளுங்கள். இதைப் போலக் கேட்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு. மனநலம் பற்றிப் பேச இப்படிப்பட்ட மாநாடுகளுக்குப் போயிருக்கிறேன், புதிதாக வருகிறவர்களை மேடையேற்றி அனுபவம் சொல்ல வைப்பதில் நம் ஊர் அமைப்புகளுக்கு ஒரு ஆர்வம் இருக்கிறது. நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் உங்கள் தம்பியின் வலிப்பு மேடைக்கான விஷயமா என்று அவர்கள் முடிவு செய்ய முடியாது. அது தம்பியின் கதையும்கூட, என்றைக்காவது சொல்வதாக இருந்தால் முதலில் அவரிடம் கேளுங்கள்.

இப்போது கவுண்டர். கடிதத்திலேயே எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அதுதான், நீங்கள் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். கோபத்தோடு வருகிற நோயாளியின் குடும்பத்தைச் சமாளிக்கிற உங்களுக்குப் பேசத் தெரியாது என்பதை நான் ஏற்க மாட்டேன். கவுண்டரில் உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது, எதிரில் இருப்பவர் ஏன் வந்திருக்கிறார் என்று தெரியும், உங்கள் கவனம் அந்த பில்லில் இருக்கிறது. மீட்டிங்கில் கவனம் முழுக்க உங்கள் மேலேயே திரும்பிவிடுகிறது, குரல் நடுங்குகிறதா, கை சில்லிடுகிறதா என்று நீங்களே உங்களைக் கண்காணிக்கிறீர்கள், அதனால்தான் முன்னால் பேசியவர் சொன்னது காதில் ஏறுவதில்லை. டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற உளவியலாளர்கள் சமூகப் பதற்றத்தைப் பற்றி 1995இல் விளக்கியதும் இதைத்தான்: கவனம் உள்ளே திரும்பத் திரும்ப பயம் ஏறும், வெளியே திரும்பினால் இறங்கும்.

ஆகவே மாநாட்டிலும் ஒரு வேலையை வாங்கிக்கொள்ளுங்கள். பதிவு மேசையில் பெயர் எழுதும் வேலை, இல்லையென்றால் புத்தகக் கடையில் பில் போடும் வேலை. ஆள் பற்றாக்குறை எப்போதும் இருக்கும், கேட்டால் சந்தோஷமாகக் கொடுப்பார்கள். இரண்டு நாளும் முழுக்க அங்கேயே ஒளிந்துகொள்ளக் கூடாது, முதல் நாள் காலை இரண்டு மணி நேரம் போதும். அதற்குள் ஐம்பது முகமாவது பழகிவிடும், சாப்பாட்டு நேரத்தில் "நீங்கதானே புக் ஸ்டால்ல இருந்தீங்க" என்று அவர்களே வந்து பேசுவார்கள்.

சாப்பாட்டு நேரம் என்று சொன்னேன், அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு அரங்கத்துக்குள் பெரிய சிரமம் இருக்காது, எல்லோரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சிரமம் இடைவேளையில்தான். டீ கப்பை வைத்துக்கொண்டு எங்கே நிற்பது, யாரோடு சாப்பிடுவது, கும்பல் கும்பலாகப் பேசுகிறவர்களுக்குள் எப்படி நுழைவது. அந்த நேரத்தில் போனை எடுத்துப் பார்ப்பது, பாத்ரூமில் போய் நிற்பது, சாப்பிடாமல் பஸ் ஏறுவது எல்லாம் உங்களுக்குப் பழகிய வழிகளாக இருக்கும். அந்த நிமிஷத்துக்கு நிம்மதி கிடைக்கும், ஆனால் தப்பித்ததால்தான் பிழைத்தேன் என்று மனது முடிவு கட்டிவிடும். அதனால் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் முன்கூட்டியே தீர்மானியுங்கள்: மதியச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பேன் என்று. கும்பலுக்குள் நுழைய வேண்டாம். தனியாக உட்கார்ந்திருக்கிற ஒருவர் நிச்சயம் இருப்பார், ஓய்வுபெற்ற ஆசிரியரோ, வெளியூர் மாணவியோ. பக்கத்தில் உட்கார்ந்து "எந்த ஊர்ல இருந்து வர்றீங்க" என்று கேட்டால் போதும். நம் ஊரில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாதவர்கள் குறைவு.

அதைவிட சுலபமான இடம் ஒன்று உண்டு. "மந்திரமா? தந்திரமா?" செய்து காட்டும் மேசை. கோயம்புத்தூர் போத்தனூரிலிருந்து 'இந்தியன் ஸ்கெப்டிக்' இதழை நடத்திய பி. பிரேமானந்த் (1930–2009) ஊர் ஊராகப் போய்ச் செய்து காட்டிய வித்தைகளை இன்றும் பலர் செய்கிறார்கள். எலுமிச்சம்பழத்தை அறுத்தால் ரத்தம் வரும், கத்தியில் தடவிய மெத்தில் ஆரஞ்சு என்ற சாயம், எலுமிச்சையின் அமிலம் பட்டுச் சிவப்பாவதுதான் விஷயம். தீக்குச்சி இல்லாமல் யாக குண்டம் பற்றும், பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் கிளிசரின் விட்டால் கொஞ்ச நேரத்தில் தீப்பிடிக்கும். நிகழ்ச்சி முடிந்ததும் எல்லோரும் அந்த மேசையைச் சுற்றி நிற்பார்கள், யார் யாரென்று யாரும் கேட்பதில்லை, எல்லோர் கண்ணும் பொருள்மேல் இருக்கும். "இது எப்படி சார்?" என்று கேட்பது உங்களுக்கு வரும், சின்ன வயதிலிருந்து மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்த கேள்விதானே. பேச்சாளரிடம் கேள்வி கேட்க வேண்டுமென்றால் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள், பெயர் எழுத வேண்டியதில்லை.

எல்லோரும் என்னையே பார்ப்பார்கள் என்ற கணக்கையும் ஒருமுறை பார்த்துவிடுவோம். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் சகாக்களும் செய்து 2000இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. போட்டுக்கொள்ளவே வெட்கப்படும்படியான ஒரு பாடகர் படம் போட்ட டீ-சர்ட்டை ஒரு மாணவருக்குப் போட்டுவிட்டு, மற்றவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். பாதிப் பேராவது கவனித்திருப்பார்கள் என்று போட்டிருந்தவர்கள் நினைத்தார்கள். கவனித்தது ஏறக்குறைய கால்வாசிப் பேர். யாருமே பார்க்க மாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை, கவனியுங்கள். சிலர் பார்க்கத்தான் செய்வார்கள், நீங்கள் பயப்படுகிற அளவில் பாதிதான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மனது எல்லாவற்றையும் மறுபடி ஓட்டிப் பார்க்கும், அதைச் சொன்னேனே, அவர் என்ன நினைத்திருப்பாரோ என்று. முதல் சந்திப்புக்குப் பிறகு, எதிரில் இருந்தவருக்கு நம்மைப் பிடித்த அளவை நாம் குறைத்தே மதிப்பிடுகிறோம் என்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதனால் அன்று இரவு ஒரு தாளில் மற்றவர்கள் உண்மையில் சொன்னதையும் செய்ததையும் மட்டும் எழுதுங்கள். அவர்கள் நினைத்திருக்கக்கூடியது எதையும் எழுத வேண்டாம், அதற்கு உங்களிடம் சாட்சி இல்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும், அங்கே இருக்கிறவர்கள் எல்லோரும் உங்களுக்குப் பிடித்தவர்களாக இருக்க மாட்டார்கள். தன் குரலைக் கேட்பதற்காகவே விவாதம் செய்கிறவர்கள் இருப்பார்கள், வயதில் பெரியவர்கள் அறிவுரை சொல்லுவார்கள், பெண்கள் எண்ணிக்கை குறைவாக இருக்கும், யாராவது சாதியைத் தெரிந்துகொள்ள ஊரையும் தெருவையும் கேட்டாலும் கேட்பார்கள். பிடிக்காத பேச்சிலிருந்து எழுந்து போக உங்களுக்கு உரிமை இருக்கிறது. நீங்கள் தேடிப் போவது உங்களைப் போல யோசிக்கிற ஒன்றிரண்டு பேரைத்தான். இரண்டு பேர் நம்பர் கிடைத்தால் போதும்.

முதல் நாளோடு களைத்துப்போனால் இரண்டாம் நாள் மதியம் போங்கள். ஆனால் பயம் உச்சத்தில் இருக்கும்போது மட்டும் எழுந்து ஓடாதீர்கள், ஒரு பத்து இருபது நிமிஷம் அதே இடத்தில் இருந்து பாருங்கள், படபடப்பு தானாகக் கொஞ்சம் இறங்கும்.

கல்யாண வீட்டில் சாப்பிடாமல் வருவது, மீட்டிங்குக்கு முன்னால் பல நாள் தூங்காமல் இருப்பது, இதனால் வேலையில் வர வேண்டியது வராமல் போவது என்று தொடர்ந்தால் அதற்குச் சிகிச்சை இருக்கிறது. எண்ணங்களையும் நடந்துகொள்ளும் விதத்தையும் பேசிப் பழகி மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (CBT) நன்றாகப் பலன் தருகிறது, சிலருக்கு மருந்தும் தேவைப்படும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416இல் எந்த நேரமும் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். அதை மாநாட்டுக்கு முன்னால்தான் செய்ய வேண்டும் என்று இல்லை, போய்விட்டு வந்தும் செய்யலாம்.