வாசகர் கேள்விகள்: ஆண்டுக் கடைசியில் பணக் கணக்கு

கேள்வி: மாதச் செலவு இவ்வளவுதான் என்று ஒரு மனக்கணக்கு உண்டு. வருஷ முடிவில் பார்த்தால் அதைவிட எவ்வளவோ போயிருக்கிறது. எங்கே தவறுகிறேன்?

பதில்: மாதாமாதம் வருவதுதான் மனக்கணக்கில் நிற்கும். காப்பீட்டு பிரீமியம், பள்ளிக் கட்டணம், வண்டி ரிப்பேர், பல் வைத்தியம் எல்லாம் எப்போதோ வருவதால் ‘இந்த மாசம் மட்டும் கொஞ்சம் கூடுதல்’ என்று விட்டுவிடுகிறோம். அப்படிப்பட்ட மாசம் வருஷத்தில் ஏழெட்டு வரும். 12 மாத ஸ்டேட்மென்ட்டையும் எடுத்து, போன தொகையைக் கூட்டி 12-ஆல் வகுங்கள். கிரெடிட் கார்டில் வாங்கியதையும் கார்டு பில் கட்டியதையும் சேர்த்து எழுதினால் ஒரே செலவு இரண்டு முறை ஏறும், ஒன்றை விடுங்கள். உங்கள் கணக்குகளுக்குள் மாற்றிய பணம் செலவே இல்லை.

கேள்வி: வேலை நிலைக்குமா தெரியவில்லை. கார்டு பாக்கியும் வீட்டுக் கடனும் இருக்கின்றன. கையிலிருக்கும் பணத்தை எதற்குக் கட்டுவது?

பதில்: கார்டுக்கு. மாதம் 3 சதவீத வட்டி என்பது சின்னதாகத் தெரியும். வட்டிக்கு வட்டி ஏறி வருஷத்தில் 42 சதவீதத்தைத் தாண்டிவிடும். ‘குறைந்தபட்சத் தொகை’ கட்டினால் அபராதம்தான் தப்பும், வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். பாக்கி தீரும்வரை, பெரும்பாலான கார்டுகளில் புதிதாக வாங்குவதற்கும் முதல் நாளிலிருந்தே வட்டி உண்டு. ஆனாலும் கையைத் துடைத்துக் கட்டிவிடாதீர்கள். ஒரு மாதச் செலவை எடுத்து வைத்துக்கொண்டு மீதியைக் கட்டுங்கள்.

வீட்டுக் கடனை இப்போது முன்கூட்டி அடைக்க வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது. பெரும்பாலும் கடன் காலம்தான் குறையும், அடுத்த மாதத் தவணை அப்படியே நிற்கும். வேலை போனவருக்குப் புதுக் கடன் கிடைப்பதும் அரிது. எனவே கார்டு தீர்ந்ததும் 6 மாத அவசியச் செலவைச் சேர்த்து வையுங்கள்; வருமானம் ஏறி இறங்குபவர்கள் 9 மாதம். சாப்பாடு, மருந்து, தவணை, பிரீமியம் மட்டும் இதில் சேரும். பலர் மறப்பது ஒன்று: அலுவலகம் தரும் மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடக்கூடும். சொந்தமாக எடுத்தால் என்ன பிரீமியம் என்று விசாரித்து அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அவசரத்துக்குச் சேர்த்து வைக்கும் அந்தப் பணத்தை விலைவாசி தின்றுவிடாதா? பங்குகளில் போடலாமா?

பதில்: தின்னும்தான். பணவீக்கம் 6 சதவீதமென்றால் 72-ஐ 6-ஆல் வகுங்கள்; இரட்டிப்பாகும் காலத்தை அறிய இது ஒரு குறுக்குவழி. சுமார் 12 வருஷத்தில் விலை இரட்டிப்பாகும். அது நீண்ட காலப் பணத்துக்கான கவலை. பங்கு சரிவதும் ஆட்குறைப்பும் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன. 2008-ல் அமெரிக்காவின் 500 பெரிய நிறுவனங்களின் பங்கு நிலவரத்தைக் காட்டும் எஸ் அண்ட் பி 500 குறியீடு சுமார் 38 சதவீதம் விழுந்தது. 2009 அக்டோபரில் அங்கே வேலையின்மை 10 சதவீதத்தை எட்டியது. பணம் தேவைப்படும் நேரத்தில்தான் விழுந்த விலைக்கு விற்க நேரும். ஒரு மாதப் பணம் சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். மீதியை ஒரே நிரந்தர வைப்பாக (எஃப்.டி.) போடாமல், ஒவ்வொரு மாதச் செலவுக்கும் ஒரு வைப்பு என்று பிரித்துப் போடுங்கள். ஒன்றை முறித்தாலும் மற்றவற்றின் வட்டி குறையாது.