ஊசி போடும் இடத்தை மாற்றினோம், சுகர் இறங்கிக்கொண்டே இருக்கிறது

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 54 வயது, ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறார். பல வருடமாக இன்சுலின், 30/70 மருந்து, காலையும் இரவும். கூடவே வோக்லிபோஸ் சேர்ந்த மாத்திரை. தொப்புளுக்கு வலது பக்கமே எப்போதும் ஊசி போட்டு அந்த இடம் தடித்துவிட்டது. நர்ஸ் பார்த்துவிட்டு, இனி அங்கே போடாதீங்க, தொடையில் போடுங்க என்றார். மாற்றினோம். அதிலிருந்து வாரத்தில் மூன்று நாலு நாள், காலை பதினொரு மணி வாக்கில் சுகர் 60க்குக் கீழே போகிறது. சர்க்கரை போட்ட சாயா, பிஸ்கட், மட்டிப்பழம் எல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டேன், சட்டென்று ஏறுவதில்லை. ஏறினாலும் ஒரு மணி நேரத்தில் மறுபடி இறங்குகிறது. ஒழுங்காகச் சாப்பிடாததுதான் காரணம் என்று வீட்டில் எல்லோரும் அவரைத் திட்டுகிறார்கள். நான் என்ன செய்ய?
வாசகி, குலசேகரம்

பதில்: சகோதரி, முதலில் அவரைத் திட்டுவதை நிறுத்தச் சொல்லுங்கள். பால் வெட்டி, பால் எடுத்து, ஷீட் அடிக்கிற மனிதர் சாப்பாட்டில் குறை வைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. இடத்தை மாற்றினீர்கள், ஆனால் ஊசியின் அளவை மாற்றவில்லை.

ஒரே இடத்தில் வருடக்கணக்கில் இன்சுலின் போட்டால் தோலுக்கு அடியில் கொழுப்பு தடித்துக் கட்டியாகும். அங்கே போடும் மருந்து ரத்தத்துக்கு முழுசாகவும் வராது, நேரத்துக்கும் வராது, ஒரு நாள் அதிகம், ஒரு நாள் குறைவு என்று ஏறுமாறாக வரும். அப்படி வந்தும் சுகர் அடங்காததால் டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாக யூனிட்டைக் கூட்டியிருப்பார், உங்களுக்கும் அப்படித்தான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். இப்போது அதே யூனிட்டை நல்ல தோலில் போடுகிறீர்கள், போட்டது அத்தனையும் வேலை செய்கிறது. நர்ஸ் சொன்னது ரொம்பச் சரி, பழைய இடத்துக்குத் திரும்பிப் போகவே கூடாது, ஆனால் இடம் மாறும்போது அளவைக் குறைக்க வேண்டும், அதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். பொதுவாக 10 முதல் 20 சதவீதம் குறைத்து ஆரம்பித்து, சுகரைப் பார்த்து மேலும் சரிசெய்வார்கள். உங்கள் டாக்டரை இந்த வாரமே பாருங்கள், அடுத்த மாதச் செக்கப் வரட்டும் என்று இருக்காதீர்கள்.

இன்னொன்று, தொடை. காலையில் தொடையில் ஊசி போட்டுவிட்டு அந்தக் காலாலேயே தோட்டத்துச் சரிவில் ஏறி இறங்கிப் பால் வாளி சுமந்தால், அங்கே ரத்த ஓட்டம் கூடி மருந்து இன்னும் வேகமாக உள்ளே போகும். வேலைக்குப் போகும் நாளில் காலை ஊசியை வயிற்றின் இடது பக்கம், தடிப்பில்லாத இடத்தில் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். தினமும் ஒரு விரல் அகலமாவது தள்ளித் தள்ளிப் போட வேண்டும்.

சரி, பதினொரு மணிக்கு ஏன்? 30/70 மருந்தில் 30 பங்கு சீக்கிரம் வேலை செய்யும் ரகம், போட்ட இரண்டு மணி நேரத்திலிருந்து நாலு மணி நேரம் வரை அதன் உச்சம். எட்டு, எட்டரைக்கு ஊசி போட்டால் பதினொரு மணி சரியாக அதற்குள் விழுகிறது, உடல் உழைப்பும் அதே நேரத்தில் சேர்ந்துகொள்கிறது. மீதி 70 பங்கு மெதுவான ரகம், முதல் 30 பங்கு ஓயும் நேரத்தில் இந்த 70 பங்கு ஏறும். நீங்கள் கொடுக்கும் இனிப்பு ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும், ஊசி மருந்து தீராது. மறுபடி இறங்குவது அதனால்தான்.

அடுத்து, சாயாவுக்கு ஏன் மசியவில்லை? இதை நிறையப் பேருக்கு யாரும் சொல்வதே இல்லை. வோக்லிபோஸ் என்பது மாவுச்சத்தையும் சாதாரண சர்க்கரையையும் குடலில் உடைய விடாமல் தாமதப்படுத்தும் மருந்து. அது உள்ளே இருக்கும்போது சீனி போட்ட சாயா, கருப்பட்டி, பிஸ்கட் எல்லாம் மெதுவாகத்தான் ஏறும், சாயாவில் பால் இருந்தால் அதன் கொழுப்பு இன்னும் தாமதப்படுத்தும். அவருக்குக் கொடுக்க வேண்டியது மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் குளுக்கோஸ் பொடி. குவித்து மூன்று டீஸ்பூன், ஏறத்தாழ 15 கிராம், அரை டம்ளர் தண்ணீரில் கலக்கி ஒரே மூச்சில் குடிக்க வேண்டும். சுகர் 70க்குக் கீழே என்றாலே இது, 54க்கும் கீழே என்றால் நாலு டீஸ்பூன். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பாருங்கள், 70 தாண்டவில்லை என்றால் இன்னொரு முறை. இரண்டு மூன்று முறை கொடுத்தும் ஏறவில்லை என்றால் வீட்டில் காத்திருக்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். ஏறிய பிறகு, அடுத்த சாப்பாடு பக்கத்தில் இல்லை என்றால், மீன் குழம்போடு கொஞ்சம் சோறோ மரச்சீனிக்கிழங்கோ அவசியம் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் பன்னிரண்டரைக்கு மறுபடி நடுங்குவார். ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் பார்த்துவிடுங்கள்.

குத்தும் முன் கை கழுவச் சொல்லுங்கள். இப்போதுதான் மட்டிப்பழம் உரித்த விரலில் குத்தினால் விரலில் ஒட்டிய சர்க்கரையையும் சேர்த்து மீட்டர் காட்டும், 58 இருக்கிற மனிதருக்கு 110 என்று வரும், நீங்களும் சரியாகிவிட்டது என்று விட்டுவிடுவீர்கள்.

டாக்டரிடம் போகும்போது மருந்துக் குப்பியையும் சிரிஞ்சையும் கையோடு கொண்டுபோங்கள். நம் ஊரில் ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள குப்பியும் 100 யூனிட் உள்ளதும் இரண்டுமே கிடைக்கின்றன. 40க்கு உரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போகும், 20 என்று கோடு பார்த்து எடுத்தது உண்மையில் 50. கடையில் மாற்றிக் கொடுத்துவிட்டால் வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்புறம் இந்தக் கலங்கலான மருந்தை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து மெதுவாக உருட்டி, ஒரே சீராகப் பால் நிறம் வந்த பிறகுதான் எடுக்க வேண்டும். கிரியேட்டினினும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள், சிறுநீரகம் தளர்ந்தால் இன்சுலின் உடம்பில் தங்கும் நேரம் கூடும்.

ஊசியை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். டாக்டரைப் பார்க்கும்வரை குளுக்கோஸ் பாக்கெட் ஒன்று அவர் சட்டைப் பையில் இருக்கட்டும், தோட்டத்தில் கூட வேலை செய்பவரிடமும் விஷயத்தைச் சொல்லி வையுங்கள்.

கேள்வி: அப்பா வள்ளத்தில் மீன் பிடிக்கப் போகிறார், இன்சுலின் போடுகிறார். முன்பெல்லாம் சுகர் இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும், அவரே சொல்லிவிடுவார். இப்போது எதுவும் தெரிவதில்லை, திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசுகிறார், பார்த்தால் 45. ஏன் இப்படி?
வாசகர், குளச்சல்

பதில்: தம்பி, அடிக்கடி சுகர் இறங்கி இறங்கி உடம்பு எச்சரிக்கை கொடுப்பதை விட்டுவிட்டது. இது ஆபத்தான கட்டம், கடலில் இருப்பவருக்கு இன்னும் ஆபத்து. ஆனால் திரும்பக் கொண்டுவர முடியும். இரண்டு மூன்று வாரம் ஒரு தடவைகூட 70க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் பலருக்கு அந்த உணர்வு திரும்ப வருகிறது. அதற்கு அந்த நாட்களில் சுகர் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை என்று டாக்டரே இலக்கைத் தளர்த்தி, ஊசியைக் குறைத்துத் தர வேண்டும். பிரஷருக்கு அட்டெனோலால், மெட்டோப்ரோலால் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறாரா என்றும் பாருங்கள், அவை நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும், வியர்வையை மட்டும் மறைக்காது. அந்த வாரங்களில் அவரைக் கடலுக்கு அனுப்ப வேண்டாம். வருமானம் போகும் என்பது தெரிந்தேதான் சொல்கிறேன். அதன் பிறகு போகும்போது வள்ளம் ஏறும் முன் ஒரு தடவை, கடலில் நேரம் நீண்டால் நடுவிலும் சுகர் பார்க்க வேண்டும். தண்ணீர் புகாத கவரில் குளுக்கோஸ் இருக்க வேண்டும், கூடப் போகிறவர்களுக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

கேள்வி: வீட்டில் எப்போதும் நல்ல தேன் இருக்கும். சுகர் இறங்கினால் அதையே கொடுக்கலாமா?
வாசகி, மார்த்தாண்டம்

பதில்: நினைவோடு இருந்து விழுங்க முடிந்தால் ஒரு மேசைக்கரண்டி கொடுக்கலாம். தேனில் குளுக்கோஸ் அப்படியே இருப்பதால் வேலை செய்யும், ஆனால் கூடவே இருக்கும் பழச்சர்க்கரை சுகரை அத்தனை வேகமாக ஏற்றாது. வோக்லிபோஸ், அதே வகை மாத்திரையான அகார்போஸ் சாப்பிடுபவர்களுக்கு முதலில் குளுக்கோஸ் பொடிதான், அது கையில் இல்லை என்றால் தேன். மயங்கிக் கிடப்பவர் வாயில் தேனோ தண்ணீரோ எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்துவிட்டு 108க்கு அழையுங்கள். இன்சுலின் போடுகிறவர் என்பதைப் போனிலேயே சொல்லிவிடுங்கள், கடைசியாக எத்தனை மணிக்கு எத்தனை யூனிட் போட்டார் என்பதை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.