பூனைப்பருந்தைக் காட்டில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

"பூனைப்பருந்து எங்கே வாழும்? இரண்டு வருடமாகக் காடு காடாக அலைந்தும் கண்ணில் படவில்லை" என்று கேட்டிருக்கிறீர்கள். காட்டுக்குப் போனதுதான் தப்பு. நீங்களும் என்னைப்போல அண்ணாந்து பார்த்தே கழுத்து வலி வாங்கியிருப்பீர்கள். இது திறந்த வெளிப் பறவை. இரை தேடுவது புல்லை உரசுகிற உயரத்தில். கூடு கட்டுவதும் இரவில் அடைவதும் தரையில்.

நான் முதலில் சரியாகப் பார்த்தது குஜராத்தில், வேலாவதர் வெளிமான் பூங்காவில், ஒரு டிசம்பர் சாயங்காலம். சுற்றியுள்ள பருத்தி வயல்களிலிருந்து ஒவ்வொன்றாக வந்தன. இறக்கையைச் சற்றே மேல்நோக்கி வைத்துக்கொண்டு மிதந்து, இரண்டு சுற்றுச் சுற்றி, சட்டென்று புல்லுக்குள் இறங்கிக் காணாமல் போயின. நாற்பது வரை எண்ணினேன், அப்புறம் இருட்டிவிட்டது.

பூனைப்பருந்தில் மாண்டேகு, வெளிர் என்ற இரண்டு வகையும் கசகஸ்தான், தெற்கு ரஷ்யப் புல்வெளிகளில் குஞ்சு பொரிப்பவை. மாண்டேகு மேற்கு ஐரோப்பா வரை பரவியிருக்கிறது. அங்கே கோதுமை வயலில் கூடு வைத்து அறுவடை இயந்திரத்தில் மாட்டிக்கொள்வதும் உண்டு. செப்டம்பர் வாக்கில் இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் கிளம்பும், ஏப்ரலுக்குள் திரும்பிவிடும். வெட்டுக்கிளி, வானம்பாடி, எலி கிடைக்கிற வறண்ட வெளி வேண்டும். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துப் பொட்டல்களுக்கும் வருகின்றன. ஏரி நாணலுக்கு மேல் பறப்பது பெரும்பாலும் சேற்றுப் பூனைப்பருந்து, அது வேறு.

சரி, இந்தக் கேள்வி என்னை ஏன் உறுத்தியது என்றால், வேலாவதர் போவதற்கு முன்பு ஒரு புல்வெளியில் நானே குழி தோண்டி மரக்கன்று நட்டிருக்கிறேன். 'சும்மா கிடக்கும் தரிசு' என்றார்கள், நம்பினேன். புல்வெளியில் மரம் வளர்ந்தால் இந்தப் பறவைக்கு வேண்டிய திறந்த வெளி போய்விடும். புல்வெளிக்கு அரசுக் காகிதத்திலும் அதே பெயர்தானே. இதைச் சொன்னால் மரத்துக்கு எதிரி என்று சிலர் கிளம்பி வருவார்கள். மரம் இருந்த இடத்தில் தாராளமாக நடுங்கள் ஐயா, நானும் வருகிறேன். அன்று கொடுத்த பாராட்டுப் பத்திரத்தை இன்னும் கிழிக்கவில்லை, அது வேறு விஷயம்.

டிசம்பரில் புல்வெளிக்குப் போங்கள், சூரியன் மறைய ஒரு மணி நேரம் இருக்கும்போது. பாதையிலேயே உட்காருங்கள். படம் எடுக்கிறேன் என்று புல்லுக்குள் இறங்கினால் அடைய வந்ததெல்லாம் எழுந்துவிடும்.