படகு ஏசி கிளம்பவில்லையா? கேள்வி பதில்

படகு ஏசியைப் பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி முடிகின்றன: "கேஸ் தீர்ந்திருக்குமோ?" பெரும்பாலும் இல்லை. படகுகளில் வைக்கும் ஒற்றைப் பெட்டி ஏசியில் கேஸ் தொழிற்சாலையிலேயே அடைத்து மூடப்படுகிறது. கசிவு இல்லாவிட்டால் அது குறைவதற்கு வழியே கிடையாது. முதலில் மின்சாரத்தைப் பாருங்கள், அடுத்துக் கடல்நீரைப் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் மட்டும் பெட்டியைத் திறக்கலாம்.

கேள்வி (மயாமி): சார், எங்கள் படகில் 16,000 பிடியு (குளிர்விக்கும் திறனின் அளவு) ஏசி இருக்கிறது. போன வாரம் வரை நன்றாக ஓடியது. இப்போது பட்டனை அழுத்தினால் திரையில் எழுத்துகூட வரவில்லை.

திரையே இருட்டாக இருந்தால் கம்ப்ரசரைப் பற்றி இப்போதைக்கு யோசிக்காதீர்கள். படகுத்துறைக் கம்பத்திலிருந்து தொடங்குங்கள். அங்குள்ள பிரேக்கரை அணைத்துவிட்டு, கரை மின்சாரக் கேபிளின் இரு முனைகளையும் கழற்றிப் பாருங்கள். 30 ஆம்பியர் இணைப்பில் ஏசி மணிக்கணக்கில் ஓடும்போது, முனை கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் கருகிவிடும். பழுப்பு நிறமோ உருகிய பிளாஸ்டிக்கோ தெரிந்தால் கேபிளையும் படகிலுள்ள சாக்கெட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கெடுத்துவிடும்.

பிறகு மல்டிமீட்டரால் ஏசியின் இணைப்புப் பெட்டியில் அளந்து பாருங்கள். 115 வோல்ட் இயந்திரத்துக்கு 104 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. வெந்நீர் ஹீட்டரைப் போட்டுவிட்டும் ஒரு முறை அளந்துகொள்ளுங்கள், ஏனென்றால் சுமை இல்லாதபோது சரியாகக் காட்டும் கேபிள் சுமை ஏறியதும் சரிந்துவிடுவது வழக்கம். அங்கே மின்சாரம் ஒழுங்காக இருந்தும் திரை எரியாவிட்டால், திரைக்குப் போகும் மெல்லிய கம்பியின் முனையைக் கழற்றிப் பாருங்கள். உப்புக் காற்றில் அந்த ஊசிகள் பச்சை பூத்திருக்கும்.

கேள்வி (துபாய்): அண்ணா, நான் படகுப் பராமரிப்பில் வேலை செய்கிறேன். ஏசி சிறிது நேரம் ஓடி நின்றுவிடுகிறது. திரையில் 'எச்பிஎஃப்' என்று வருகிறது. முதலாளி கேஸ் நிரப்பச் சொல்கிறார்.

நிரப்பாதீர்கள் தம்பி. உள்ளே அழுத்தம் அளவுக்கு மீறிவிட்டது என்பதைத்தான் அந்த எழுத்துகள் சொல்கின்றன. அதன் மேல் இன்னும் கேஸ் ஏற்றினால் அழுத்தம் கூடத்தான் செய்யும். ஏசி அறையிலிருந்து எடுக்கும் வெப்பத்தைக் கடல்நீர்தான் வெளியே கொண்டுபோகிறது. நீர் வராவிட்டால் வெப்பம் அதை வெளியேற்றும் குழாய்ச் சுருளான கண்டன்சரிலேயே தங்கி, அழுத்தம் ஏறி, பாதுகாப்பு சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்திவிடும்.

ஏசியைப் போட்டதும் படகின் பக்கவாட்டில் நீர் வெளியேறும் துளையைப் பாருங்கள். தடையில்லாமல் பருமனாக நீர் விழ வேண்டும். 12,000 பிடியுவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 11 லிட்டர் தேவை. ஒரு வாளியும் கைக்கடிகாரமும் போதும், அளந்துவிடலாம்.

நீர் குறைவாக இருந்தால் முதலில் வடிகட்டியைப் பாருங்கள். அதைத் திறப்பதற்கு முன்பு படகின் அடியிலுள்ள கடல்நீர் வால்வைக் கட்டாயம் மூடுங்கள். மறந்தால் கடல் படகுக்குள் வந்துவிடும். கோடையில் சொறிமீன்களும் பாசியும் அந்தக் கூடையை ஒரே நாளில் அடைத்துவிடும். கூடை சுத்தமாக இருந்தும் நீர் வராவிட்டால், அடித்தளத்துக்கு வெளியே உள்ள துளையில் கொட்டலசு என்னும் ஓடுள்ள கடலுயிர் படிந்திருக்கலாம். முக்குளிப்பவர் ஒருவரை இறக்கிச் சுரண்டச் சொல்லுங்கள்.

அடுத்தது காற்றடைப்பு. படகைக் கரையேற்றி இறக்கிய பிறகு வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இதனால்தான். ஏசிக்குக் கடல்நீரைத் தள்ளும் பம்புகள் தாமாக நீரை உறிஞ்சுபவை அல்ல. நீர்மட்டத்துக்குக் கீழே இருந்து, நீர் தானாக வந்து நிரம்பினால்தான் தள்ளும். பம்பின் வெளியேற்றக் குழாயைத் தளர்த்தி, காற்று போய் நீர் வரும்வரை விட்டு, மீண்டும் இறுக்குங்கள். குழாய் வளைந்து மேடும் பள்ளமுமாகப் போனால் காற்று அந்த மேட்டில் மறுபடியும் தங்கும். அடியிலிருந்து ஏசி வரை அது ஏறிக்கொண்டே போக வேண்டும்.

பம்ப் சுழலவே இல்லையா? ஒரே பம்ப் பல ஏசிகளுக்கு நீர் கொடுக்கும் படகானால் நடுவில் பம்புக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் ஒரு ரிலே பெட்டி இருக்கும். அதன் பியூஸையும் தொடுமுனைகளையும் பாருங்கள்.

நீர் தாராளமாக வந்தும் அதே எழுத்துகள் வந்தால், கண்டன்சர் குழாயின் உட்புறம் உப்பும் சுண்ணாம்பும் படிந்திருக்கும். இதற்கென விற்கும் மென்மையான அமிலக் கரைசலைச் சிறு பம்பால் சுற்றவிடுங்கள். கடைத்தெருவில் கிடைக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டாம், குழாயையே அரித்துவிடும். உங்கள் ஊரில் ஆகஸ்ட் மாதக் கடல்நீர் 32 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. மற்ற இடங்களில் பொறுத்துக்கொள்ளும் சிறு அழுக்கும் அந்த வெப்பத்தில் ஏசியை நிறுத்திவிடும்.

கேள்வி (லங்காவி): அமெரிக்காவில் வாங்கிய பழைய படகு. 115 வோல்ட் ஏசி. டிரான்ஸ்பார்மர் வைத்து 230 வோல்ட்டைக் குறைத்திருக்கிறோம். ஆனாலும் கம்ப்ரசர் சூடாகி நிற்கிறது.

டிரான்ஸ்பார்மர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை, அதாவது மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்பதை, மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த மோட்டாருக்கு 50 ஹெர்ட்ஸில் அதே 115 வோல்ட் கொடுத்தால் அதன் இரும்பு காந்தத்தால் நிறைந்துவிடும், சுருள் கூடுதல் ஆம்பியரை இழுத்துச் சூடாகும். ஈடாக வேண்டுமானால் சுமார் 96 வோல்ட்தான் கொடுக்க வேண்டும். அப்போது குளிர்ச்சியும் குறையும். 50 ஹெர்ட்ஸுக்கும் ஏற்றது என்று பெயர்ப்பலகையில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் மேலும் செலவு செய்யாமல் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் இயந்திரத்தை வாங்கிவிடுங்கள்.

கேள்வி (டெக்சஸ்): ஏரிப் படகு. கரை மின்சாரத்தில் ஓடும் ஏசி, 2,000 வாட் கையடக்க ஜெனரேட்டரில் 'ம்ம்' என்று உறுமிவிட்டு நிற்கிறது.

கம்ப்ரசர் கிளம்பும் கணத்தில் ஓடும்போது இழுப்பதைப் போல நான்கைந்து மடங்கு ஆம்பியர் இழுக்கும். சிறிய ஜெனரேட்டரால் அதைக் கொடுக்க முடியாது. மென்மையாகத் தொடக்கிவிடும் 'சாஃப்ட் ஸ்டார்ட்' கருவி ஒன்றைப் பொருத்தினால் அந்த முதல் இழுப்பு வெகுவாகக் குறையும். அதற்குமுன் கம்ப்ரசர் கிளம்ப உதவும் கெப்பாசிட்டரை அளந்து பாருங்கள். அதில் எழுதியுள்ள மைக்ரோபாரட்டைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தாலோ, தலை உப்பியிருந்தாலோ மாற்றுங்கள். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அதில் மின்னூட்டம் தங்கியிருக்கும். இறக்காமல் தொடாதீர்கள்.

ஆனால் படகில் அந்தப் பெட்ரோல் ஜெனரேட்டரை ஓட்டுவதையே நான் ஏற்கமாட்டேன். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு மணமில்லை. தூங்குபவர் விழிக்கமாட்டார்.

கேள்வி (ஆலப்புழை): கெட்டுவள்ளம் (கேரளப் படகுவீடு) குத்தகைக்கு எடுத்து நடத்துகிறோம். இரவு 9 மணிக்கு ஜெனரேட்டரைப் போட்டால் மூன்று அறைகளில் ஏதாவது ஒரு ஏசி கிளம்புவதில்லை.

உங்களுடையவை வீட்டு ஏசிகள்தானே? வெளிப்பெட்டி காற்றால் குளிர்வது, கடல்நீர்த் தொல்லை இல்லை. மூன்றுக்கும் ஒரே வகை ஸ்டெபிலைசர் இருக்கும் என்று நினைக்கிறேன். எல்லாம் மூன்று நிமிடம் காத்திருந்து ஒரே நொடியில் கம்ப்ரசரைப் போடுகின்றன. ஜெனரேட்டர் திணறி வோல்ட் சரிகிறது. ஒவ்வோர் அறையையும் சில நிமிட இடைவெளி விட்டுப் போடச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதோடு தீர்ந்துவிடும்.

தீராவிட்டால் ஹெர்ட்ஸை அளந்து பாருங்கள். டீசல் வடிகட்டி அடைத்திருந்தால் சுமை ஏறும்போது வேகம் இறங்கி 50 ஹெர்ட்ஸும் சரியும். இன்வெர்ட்டர் ஏசிகள் மின்சாரம் சீராக இல்லாவிட்டால் பிழை காட்டி நின்றுவிடும்.

கேள்வி: ஏசியைப் போட்டதும் கசிவு மின்சார பிரேக்கர் விழுகிறது. அதைத் தவிர்த்து நேராக இணைத்துவிடலாமா?

கூடவே கூடாது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அது விழும்படி வைத்ததற்குக் காரணம், அந்தக் கசிவு படகைச் சுற்றியுள்ள நீருக்குள் போவதுதான். படகுத்துறையில் நீந்தியவர்கள் இதனால் தசை செயலிழந்து மூழ்கி இறந்திருக்கிறார்கள். நன்னீரில் ஆபத்து இன்னும் அதிகம். பிரேக்கர் விழுந்த படகின் அருகில் எவரும் நீரில் இறங்க விடாதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுக் கடல்நீர் பம்பை முதலில் பிரியுங்கள். அடித்தளத் தண்ணீரில் நனைந்து கசிவது பெரும்பாலும் அதுதான். பிறகு ஹீட்டர் இருந்தால் அது, கடைசியாகக் கம்ப்ரசர். எதைப் பிரித்தபோது பிரேக்கர் விழாமல் நிற்கிறதோ அதில்தான் கசிவு. உரிமம் பெற்ற படகு எலெக்ட்ரீஷியனிடம் அதைக் காட்டிச் சரிசெய்யுங்கள்.

கேள்வி: விசிறி ஓடுகிறது, கம்ப்ரசர் மட்டும் அமைதி. தொட்டால் கொதிக்கிறது. எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்?

உள்ளே இருக்கும் வெப்பப் பாதுகாப்பு விழுந்திருக்கிறது. பிரேக்கரை அணைத்து ஒரு மணி நேரம் விடுங்கள். சில சமயம் மூன்று மணி நேரம்கூட ஆகும். பொறுமையில்லாமல் புதுக் கம்ப்ரசர் வாங்கியவர்கள் பலர். ஆறியதும் கிளம்பினால், எதனால் சூடானது என்று வடிகட்டியிலும் வோல்ட்டிலும் தேடுங்கள்.