புது வீட்டு எஸ்டிமேட்டில் ஸ்பிரிங்க்ளர் வேண்டுமா?

கேள்வி: திருவட்டாறு பக்கம் வீடு கட்டுகிறோம். வார்ப்பு முடிந்தது, பூச்சு வேலை பாக்கி. 82 வயது அப்பாவுக்கு வாக்கர் இல்லாமல் நடக்க முடியாது. ரப்பர் ஷீட்டை வீட்டுக்குள்தான் அடுக்குவோம். வெளிநாட்டில் இருக்கும் தம்பி, தீப்பிடித்தால் தானே தண்ணீர் தெளிக்கும் தீயணைப்பு ஸ்பிரிங்க்ளர் வைக்கச் சொல்கிறான். கையில் மாடுலர் கிச்சனுக்கு வைத்த 2 லட்சம்தான் இருக்கிறது. இன்சூரன்ஸ் எடுத்தால் போதாதா?

பதில்: போதாது. இன்சூரன்ஸ் பணம் எல்லாம் எரிந்து முடிந்த பிறகு வருவது. உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த வாக்கர்தான். சோபாவும் மெத்தையும் உள்ள அறையில் தீப்பிடித்தால் சில நிமிடங்களில் அறை முழுக்கப் பரவிவிடும். தீயணைப்பு வண்டி அதற்குள் வந்து சேராது. அப்பாவைத் தூக்கிவர யாராவது உள்ளே போயாக வேண்டும்.

உங்கள் தம்பி சொல்வது சரி. ஓர் இடத்தில் புகைந்தால் வீடு முழுக்கத் தண்ணீர் கொட்டிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படியில்லை. ஒவ்வொரு ஸ்பிரிங்க்ளரிலும் திரவம் நிரப்பிய சின்னக் கண்ணாடிக் குமிழ் இருக்கும். சிவப்புக் குமிழ் 68 டிகிரி செல்சியஸில் உடையும். உடைந்த இடத்தில் மட்டும் தண்ணீர் தெறிக்கும். தாளிக்கிற புகைக்கு உடையாது. கலிபோர்னியாவில் 2011 முதல் புதிய தனி வீடுகளுக்கே இது கட்டாயம்.

பூச்சுக்கு முன்பே குழாய் போட்டுவிடுங்கள். அப்புறம் என்றால் சுவரை வெட்டும் கூலியும் சேரும். முழு வீட்டுக்கும் முடியாவிட்டால் அப்பாவின் அறை, ஹால், அடுக்களை மட்டும் போதும். ஒரு ஸ்பிரிங்க்ளருக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 லிட்டர் என்று வைத்தால், இரண்டு ஸ்பிரிங்க்ளர் பத்து நிமிடம் ஓட 1,000 லிட்டர் வேண்டும். வீட்டுக் குழாயைத் தொட்டியில் அந்த அளவுக்கு மேலே எடுத்தால் அவ்வளவு தண்ணீர் எப்போதும் மிச்சமிருக்கும். அழுத்தத்துக்குப் பூஸ்டர் பம்ப் வேண்டும், அதை இழுக்கக்கூடிய இன்வெர்ட்டரும் வேண்டும். 2017-இல் ஒக்கி புயலுக்குப் பிறகு கரண்ட் இல்லாமல் கிடந்தது நினைவிருக்குமே.

கிச்சன் அடுத்த வருடம் ஆகட்டும். பணம் குறைந்தால் வீட்டுக்கடனிலேயே கூட்டிக் கேளுங்கள். 8.5 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு, லட்சத்துக்கு மாதம் சுமார் 870 ரூபாய்தான் வரும். நகையை வைக்க வேண்டாம்.

இன்சூரன்ஸும் எடுங்கள். பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, வீட்டுச் சாமான்களுக்கும் சேர்ந்தே கிடைக்கும். விற்க வைத்திருக்கும் ஷீட் அந்தச் சாமான் கணக்கில் வராது. பற்றினால் கரும்புகை கக்கும் சரக்கு அது. முதல் வேலையாக அதற்குத் தள்ளி ஒரு கொட்டகை போடுங்கள், அப்பாவின் அறையில் ஒரு ஸ்மோக் அலாரமும் மாட்டுங்கள்.